சம்பந்தி துப்பாக்கிக்கு என்ன எண்ணெய்?

சண்டை போடாத சம்பந்தியை நான் நம்ப மாட்டேன். நாகர்கோவிலில் எங்கள் கல்யாணத்தன்று, இரண்டாவது பந்திக்குப் பாயசம் வரவில்லை என்று என் மாமனாரும் என் அப்பாவும் மண்டப வாசலில் நின்று கத்திக்கொண்டார்கள். யாருக்கு எதில் ரோஷம் என்பது அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு சாகும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் மகள் ஆஷ்லி மூலம் எங்களுக்கு வாய்த்த சம்பந்திகள் வேறு ரகம். டேல், ரோண்டா. அசல் டெக்ஸாஸ்காரர்கள். நாங்கள் இருக்கும், ஹூஸ்டன் பக்கத்து கேட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பண்ணை வீடு. அவர்கள் பையன் கோல்ட்டனுக்கும் ஆஷ்லிக்கும் நிச்சயம் ஆன நாளிலிருந்து அவர்கள் வாயில் 'கிரேட்', 'வொண்டர்ஃபுல்' தவிர வேறு வார்த்தை வந்ததில்லை. எங்கள் தமிழ் சர்ச்சில் ஆராதனை இரண்டு மணி நேரம் என்றேன். கிரேட் என்றார்கள். ரிசப்ஷனுக்கு அறுநூறு பேர் என்றேன். வொண்டர்ஃபுல் என்றார்கள். அறுநூறு பேர் என்று சொல்லும்போது எனக்கே மலைப்பாக இருக்கிறது, இவர்களுக்கு அதில் என்ன வொண்டர்ஃபுல்?

எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு என் மகள் அந்த வீட்டில் ஏதாவது ஏடாகூடமாகச் செய்தாலும் இதே சிரிப்பைத்தான் சிரிப்பார்கள். மனசுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. திட்டுகிற மாமியாரோடு குடும்பம் நடத்திவிடலாம், நான் நடத்தியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே இருக்கிற மாமியாரோடு எப்படி நடத்துவது?

இந்த நிலைமையில்தான் செப்டம்பரில் புறா சீசன் வந்தது. டேல் என் கணவர் ஜெபதாஸை வேட்டைக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டதோடு, தன் அப்பாவின் பழைய ஷாட்கன்னையே கையில் கொடுத்தார். இவரும் புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். புறாக்களுக்கு ஒரு சேதமும் இல்லை. திரும்பி வரும்போது வரப்பில் வழுக்கி, துப்பாக்கியோடு சேற்று வாய்க்காலில் விழுந்தார். நல்லவேளை, உள்ளே தோட்டா இல்லை. டேல் என்ன சொன்னார் தெரியுமா? "நோ ப்ராப்ளம், இட்ஸ் ஆல் குட்."

"அப்பா, அவர் அந்தத் துப்பாக்கிய கோல்ட்டனுக்குக்கூட குடுத்ததில்ல" என்பதை ஆஷ்லி இங்கிலீஷில் சொன்னாள். அதோடு, அழுக்காக்கியவர்தான் அதைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டுத் திருப்பித் தர வேண்டும், அதுதான் அவர்கள் பக்கத்து மரியாதை என்றும் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை டேலும் ரோண்டாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. அதற்குள் புதுசு மாதிரி ஆக்கித் தருவதாக ஜெபதாஸ் வாக்குக் கொடுத்துவிட்டு, துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சேற்றைத் துடைப்பதெல்லாம் வீடியோ பார்த்து நன்றாகவே செய்தார். எந்த எண்ணெய் போடுவது என்பதில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

ஜெபதாஸ் ஹூஸ்டனில் ஒரு எண்ணெய் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே சம்பளம் போடுகிற சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. எண்ணெயை அவர் நேரில் பார்ப்பது எங்கள் வீட்டு அடுப்படியில்தான். ஆனாலும் எண்ணெய் என்ற பேச்சு வந்துவிட்டால் அவருக்கு ஒரு தோரணை வந்துவிடும்.

"கிருபா, lubrication-ங்கிறது ஒரு science."

"கடைல gun oil-னே ஒரு பாட்டில் இருக்குமே. அத வாங்கிட்டு வாங்க."

போனார். வெறுங்கையோடு வந்தார். கடையில் ஒரு சுவர் முழுக்க எண்ணெயாம். மெல்லியது, கெட்டியானது, ஸ்ப்ரே, பசை என்று அடுக்கி வைத்திருந்தார்களாம். ஒரு பாட்டிலை எடுத்துப் படித்தால், இதில் உள்ள பொருள் கேன்சர் உண்டாக்கும் என்று கலிபோர்னியா மாநிலம் எச்சரிப்பதாகப் போட்டிருந்ததாம்.

"நாம டெக்ஸாஸ்லதான இருக்கோம்?" என்று கேட்டேன்.

"சம்பந்தி கைல படுற பொருள். Risk எடுக்க முடியுமா?"

அடுத்தது வாட்ஸப். சர்ச் ஆண்கள் குழுவில் கேள்வியைப் போட்டார். உபவாச ஜெபத்துக்கு ஆள் கூப்பிட்டால் மூச்சு விடாத குழு அது, இதற்கு மட்டும் பொங்கி எழுந்தது. தையல் மிஷின் எண்ணெய்தான் சரி என்றார் ஸ்டெபின். விளக்கெண்ணெய் போடுங்கள், அந்தக் காலத்து விமானத்துக்கே அதுதான் என்று என் தாத்தா சொல்வார் என்றார் நெடுஞ்செழியன். அவர் தாத்தாவுக்கு எந்த விமானத்தோடும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஷைன் மட்டும், என்ன எண்ணெய் போட்டாலும் ஜெபித்துவிட்டுப் போடுங்கள் என்று எழுதினார்.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன், கராஜில் என் இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு எண்ணெய், ஒவ்வொரு எண்ணெயிலும் ஒரு இரும்பு ஆணி. நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், கடுகெண்ணெய், விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய், மிஷின் எண்ணெய் எல்லாம் இருந்தது. ஒரு குழியில் நெய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"அது நெய்யிங்க. எண்ணெயே இல்ல."

"Control sample" என்றார் ஜெபதாஸ்.

ஆஷ்லி எட்டிப் பார்த்தாள். "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் பை கன் ஆயில்" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கராஜில் வெயில் அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆணியாக எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். நல்லெண்ணெய் பிசுபிசுத்தது. விளக்கெண்ணெய் நகரவே இல்லை. தேங்காயெண்ணெய் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. வாசனையும் நன்றாக இருந்தது. நாகர்கோவில்காரருக்கு வேறு தீர்ப்பு வருமா என்ன?

போட்டதாவது அளவாகப் போட்டாரா? தீபாவளிக்கு ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலையில் ஊற்றுவார்களே, அப்படி. உள்ளே, வெளியே, சந்து பொந்து எல்லாம் சொட்டச் சொட்ட ஊற்றினார். பிடியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்தப் பிடியை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அது சறுக்குமரத்தில் போவது போலப் போனது. "எப்பிடி?" என்று என்னைப் பார்த்து ஒரு பெருமிதச் சிரிப்பு. பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டி, சம்பந்தியின் பொருள் சூட்டில் கிடக்கக்கூடாது என்று, வீட்டிலேயே ஏசி அதிகமாக வருகிற விருந்தினர் அறையில் கொண்டுபோய் வைத்தார்.

இங்கே ஏசி போட்ட வீட்டில் தேங்காயெண்ணெய் என்ன ஆகும் என்பது டெக்ஸாஸில் தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லாத் தமிழர்களுக்கும் தெரியும். தினமும் காலையில் பாட்டிலைக் கத்தியால் குத்தி எண்ணெய் எடுத்துத் தலையில் தேய்க்கிற மனிதர் இவர். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் மூளை லீவில் போய்விட்டது. எனக்கு அந்த வாரம் முழுக்க டயாலிசிஸ் சென்டரில் இரட்டை ஷிஃப்ட், இதை யோசிக்க நேரமே இல்லை.

சனிக்கிழமை வந்தது. அவர்களுக்காக எப்போதும் செய்வதுபோல மிளகாயே காட்டாத சிக்கன் செய்து வைத்தேன். டேலும் ரோண்டாவும் வந்து, வீடு வொண்டர்ஃபுல், திரைச்சீலை கிரேட் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஜெபதாஸ் பெட்டியைக் கொண்டுவந்து, வரிசைத் தட்டு வைப்பது போல டேல் முன்னால் வைத்தார்.

டேல் திறந்தார். பளபளவென்று இருந்தது. "வெல், லுக் அட் தட்" என்று சிரித்தார். துப்பாக்கியை எடுத்து, சுவர்ப் பக்கம் திருப்பி, பிடியை இழுத்தார். வரவில்லை. சிரிப்பு மாறாமல் இன்னொரு முறை இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்ததும் 'புளுக்' என்று பாதி வந்து நின்றது. இடுக்கிலிருந்து வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஏதோ பிதுங்கி அவர் கட்டைவிரலில் ஏறியது. மோந்து பார்த்தார்.

"என்ன இது?"

"கோகனட் ஆயில். ஆர்கானிக், எக்ஸ்ட்ரா வர்ஜின்" என்றார் ஜெபதாஸ்.

சிரிப்பு போயேபோய்விட்டது. டேல் பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் எனக்கு அது சுத்தமான மண்டப வாசல் தமிழாகவே கேட்டது.

"எங்கப்பா துப்பாக்கில கேக்குக்குப் போடுறத ஊத்தி வச்சிருக்கியா? உனக்கு அறிவிருக்கா? எண்ணெய் கம்பெனிலதான வேலை பாக்குற?"

ஜெபதாஸ் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். எண்ணெய் கம்பெனி என்று சொன்னதும் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"நீங்க மட்டும் என்ன? நான் துடைக்கும்போது உள்ள துரு இருந்துச்சு. பழைய துரு. எத்தன வருஷமா எண்ணெயே போடாம வச்சிருந்தீங்க?"

"துருவா? என் துப்பாக்கில துருவா?"

"போட்டோ எடுத்து வச்சிருக்கேன். காட்டட்டுமா?"

டேலின் முகம் சிவந்துபோனது. துப்பாக்கியிலிருந்து பேச்சு எங்கெங்கோ பாய்ந்தது. அறுநூறு பேர் என்ன கணக்கு, அத்தனை காரை எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்றார். "டேல்" என்று ரோண்டா அடக்கப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் மடை திறந்துகொண்டது. தன் இடுப்பு வலியோடு மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்றாள். கல்யாணத் தேதியே தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். டேல் எழுந்து, கதவைப் படாரென்று சாத்திவிட்டுத் தன் டிரக்கைப் பார்த்துப் போனார்.

ஆஷ்லி அடுப்படிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாம், இட்ஸ் ஓவர். டூ சம்திங்."

"ஒண்ணும் ஓவர் இல்லடி. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. நிச்சயம் ஆன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டது போல இருந்தது. டிரக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தம் கேட்கவில்லை.

டேல் திரும்ப உள்ளே வந்தார். கையில் ஒரு சின்ன எண்ணெய் டப்பாவும் கிழிந்த பனியனும். என் சாப்பாட்டு மேஜையில் இருந்த பூச்சாடியை யாரையும் கேட்காமல் நகர்த்தி வைத்தார். "மனுஷன் இருக்கிற வீடா இது, ஐஸ் பெட்டியா? கிருபா, அந்த ஏசிய அணை" என்றார். அணைத்தேன். "நீ இங்க வந்து உக்காரு" என்று ஜெபதாஸை அதட்டினார். இவரும் போய் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் துப்பாக்கியைக் கழற்றி, உறைந்த எண்ணெயை வழித்து வழித்துத் துடைத்தார்கள். டேல் தன் டப்பாவைக் கவிழ்த்து, "ரெண்டு சொட்டு. ரெண்டே ரெண்டு" என்றார். "மூணாவது சொட்டு விட்டா என்ன ஆகும்? Data இருக்கா?" என்று ஜெபதாஸ் கேட்க, மறுபடியும் சண்டை பிடித்தார்கள். இந்தப் பக்கம் நானும் ரோண்டாவும் ஆள் கணக்கில் இறங்கினோம். அவள் இருநூறில் ஆரம்பித்தாள். நான் ஐநூறுக்குக் கீழே வர மாட்டேன் என்று நின்றேன்.

ஏசி இல்லாமல் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. பசிக்கவும் செய்தது. நான் சிக்கனை மேஜைக்குக் கொண்டுவந்தேன். டேல் அதைப் பார்த்துவிட்டு, "அது வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"அதுல ருசியே இல்ல. ஒவ்வொரு தடவையும் கிரேட்டுனு சொல்லித்தான் முழுங்குறேன். உங்க ஆளுங்க சாப்பாடே இப்படித்தான் போலன்னு பாவப்பட்டேன்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை மாதமும் இவர்கள் எதையும் மனம்விட்டுச் சொல்லவில்லை என்று நான் புழுங்கினேன். நான் மட்டும் என்ன செய்தேன்? என் நிஜமான சமையலில் ஒரு பருக்கையைக்கூட அவர்கள் கண்ணில் காட்டியதில்லை.

ஃப்ரிட்ஜில் முந்தின நாள் வைத்த மீன் குழம்பு இருந்தது. விருந்தாளிக்குப் பழைய குழம்பு ஊற்றுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சூடு பண்ணி, சோற்றைப் போட்டு, தாராளமாக ஊற்றி டேல் முன்னால் வைத்தேன். ஒரு வாய் வைத்தார். கண்ணில் நீர் கோர்த்தது, மூக்கு ஒழுகியது, மொட்டைத் தலையில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. ஆஷ்லி பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"காரம் ரொம்ப அதிகம்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.