இரண்டு பூட்டு மதகு

தையல்காரர் மெஷினை மிதித்தார், சளக்கென்றது. குனிந்து பார்த்தால் சதுப்பு நிலம் கடைக்குள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்திருந்தது. விடாத மழை. வாசலில் தெருவே திரண்டு நின்றது.

"உன் பறவைக்கு மட்டும்தான் வீடா? சாவியை எடுய்யா!" என்றார் பால்காரர்.

முக்குளிப்பான் பறவைகள் மிதக்கும் கூட்டில் குஞ்சு பொரிக்கும்வரை சதுப்பு நீரை வடிக்கும் மதகைத் திறப்பதில்லை என்று கைதட்டித் தீர்மானம் போட்ட தெருக் கமிட்டிதான் இப்போது வாசலில் நிற்பது. அன்று நல்ல வெயில். மதகுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தையல்காரரிடம், மற்றது அவர் மனைவியின் அண்ணனான மெக்கானிக்கிடம். தையல்காரர் தைத்த பேன்ட், மெக்கானிக் தன் மகள் கல்யாணத்தில் யாரையோ குனிந்து வரவேற்கும்போது பின்பக்கம் பிளந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இவர்கள் கூட்டுச் சேர்ந்து மதகைத் திறக்கவே மாட்டார்கள் என்று கமிட்டிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"கட்டில் மிதக்குது. எங்கண்ணன்கிட்ட போய்க் கேளுங்க. கேட்டா வாயில இருக்குற முத்து கொட்டிடாது" என்றாள் மனைவி.

தண்ணீர் இறங்கினால் கூடுகள் சேற்றில் உட்காரும். மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொள்ளும். கரையில் உட்கார்ந்து தினமும் பறவைகளைப் பார்த்த தையல்காரருக்கு மனசு வரவில்லை. ஆனால் மச்சானின் வீம்பு மலைபோல் துணையிருந்தது. தையல்காரர் கிழக்கு என்றால் சூரியனையே மேற்கே அனுப்பக்கூடிய மனிதர். கேட்டால் கட்டாயம் மறுப்பார், பழி அவரைச் சேரும், குஞ்சுகள் பிழைக்கும். தையல்காரர் தன் சாவியையும் எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட உற்சாகமாகவே நடந்தார். ஊர் பின்னால் வந்தது.

மெக்கானிக் பட்டறையில் டயர் அடுக்கின்மேல் அமர்ந்திருந்தார்.

"மச்சான், மதகைத் திறக்கணும். உங்க சாவியைத் தாங்க."

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சத்தமா கேளு மாப்ள. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"சாவியைத் தாங்க மச்சான்!"

"எல்லாரும் கேட்டீங்கல்ல? என்கிட்ட வந்து கெஞ்சிட்டான்ல?" மெக்கானிக் முகத்தில் ஆண்டுக்கணக்கான வயிற்றெரிச்சல் ஒரே நொடியில் ஆறியது. "இந்தா, பொறுக்கிக்கோ."

சாவி தையல்காரரின் மார்பில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. பால்காரர் துழாவி எடுத்து அவர் கையில் திணித்தார். யாரோ சட்டைக் காலரைப் பிடித்து மதகுவரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ரெண்டும் உன் கையிலதான் இருக்கு. திற!"

ஆள் சத்தம் கேட்டு, மதகையொட்டி மிதந்த கூட்டில் முக்குளிப்பான் எழுந்து நின்றது. ஈரப் பாசியை அலகால் இழுத்து இழுத்து முட்டைகளை மூடியது. நீருக்குள் வழுக்கி மறைந்தது.

அவசரத்தில் ஒரு முட்டை மட்டும் மூடாமல் வெளியே தெரிந்தது.