கொக்கி கழன்ற கேரவன்

படார்!

காரின் பின்பக்கம் தூக்கிப் போட்டது. குன்வோரின் தலை இருக்கையில் போய் மோதியது. தொடர்ந்து, இரும்பு தார்ச்சாலையில் உரசும் கர்ரென்ற சத்தம். ஒட்வார் பெட்ரோல் பங்க்கின் வாசலிலேயே காரை நிறுத்தினார்.

இருவரும் இறங்கி ஓடினார்கள். காரின் பின்னால் அவர்கள் இழுத்துவந்த சக்கர வீடான கேரவன் கழன்று, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது. வாசலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கொக்கி துள்ளி விலகியிருக்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத ஒரு பாதுகாப்புக் கம்பிதான் கேரவனின் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, அதை மேற்கொண்டு உருளவிடாமல் நிறுத்தியிருந்தது.

குன்வோர் சாலையைப் பார்த்தாள். இங்கிருந்து ஃபெர்ரித் துறைவரை நான்கு கிலோமீட்டரும் இறக்கம். ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். கீழே முழுக்க, மலைகளுக்கு நடுவே புகுந்த கடலான ஃபியோர்டின் கறுத்த நீர்.

டீசல் போட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர் கையைத் துடைத்தபடி வந்தார். "என்ன அண்ணே, வீட்டை விவாகரத்து பண்ணிட்டீங்களா?"

ஒட்வார் சிரிக்க முயன்றார்.

"நல்ல நேரம்னு நினைச்சுக்கோங்க. மூணாவது வளைவுல கழண்டிருந்தா, உங்களுக்கு முன்னாடியே கேரவன் ஃபெர்ரிக்குப் போயிருக்கும்."

மூவரும் சேர்ந்து தூக்கி, கேரவனின் முன்பக்கத்துச் சின்னத் தாங்குசக்கரத்தை இறக்கி, கொக்கியைக் காரின் இரும்பு உருண்டைமேல் மறுபடி பொருத்தினார்கள். கிளிக். கொக்கியின் சின்னக் கண்ணாடியில், சரியாகப் பூட்டியதற்கு அடையாளமாக, பச்சை தெரிந்தது.

லாரிக்காரர் போனதும் குன்வோர் கேட்டாள். "காலையில பச்சை தெரிஞ்சுதான்னு பாத்தியா?"

ஒட்வார் கொக்கியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "பாக்கல."

"பாக்கலையா? ஒட்வார், இருபத்திரண்டு வருஷமா இழுத்துக்கிட்டுத் திரியறோம்!"

"சரி, விடு. இனிமே பாத்துக்கறேன்."

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. காலையில் யார் முதலில் எழுகிறார்களோ அவர் வெளியே போய்க் கொக்கி மாட்ட வேண்டும். மற்றவர் மின்கெட்டிலில் காபி போட வேண்டும். இன்று காலையை நினைத்துப் பார்த்தாள். மழைத் தூறல். கேரவன் வாசலில் நின்றபடி கோப்பையை நீட்டிய ஒட்வார். அவ்வளவுதான் நினைவிருந்தது. அவர்தான் முன்னாலேயே எழுந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள்.

அவள் பயந்தது கொக்கிக்காக மட்டுமல்ல. இந்த வசந்தகாலம் முழுக்க இப்படித்தான். வீட்டுச் சாவி குளிர்பதனப் பெட்டிக்குள் கிடந்தது. பேத்தியின் பிறந்தநாளுக்கு இரண்டு முறை கேக் வாங்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒட்வார் குற்றம் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு சரிசெய்வார். காரணம் சொல்ல மாட்டார். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பிப்ரவரி காலையில், உள்ளாடையோடு, உறைந்த ஏரியின் நடுவில் நின்றிருந்தவரைத் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டித்தான் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

ஒட்வார் காரைப் பம்ப் பக்கம் நகர்த்தினார். குன்வோரும் இறங்கி டாங்க் மூடியைத் திறந்தாள். இரண்டே காலுக்கு ஃபெர்ரி. இப்போது ஒன்றரை. ஏதாவது வாங்கி வரலாம் என்று கடைக்குள் போய், உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றிய இரண்டு தொத்திறைச்சியோடு திரும்பினாள்.

ஒட்வாரின் கையில், டாங்கிலிருந்து அப்போதுதான் உருவிய பச்சைக் குழாய் இருந்தது. பெட்ரோல். அவர்களுடையது டீசல் கார்.

"ஒட்வார்!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. "ஒரு சொட்டுகூட உள்ள போகல. பாத்துட்டேன்." பச்சைக் குழாயை இடத்தில் மாட்டிவிட்டுக் கறுப்புக் குழாயை எடுத்தார்.

"பெட்ரோலோட அந்த இறக்கத்துல போயிருந்தா? நடுவுல எஞ்சின் நின்னிருந்தா?"

"உள்ள போகலன்னு சொல்றேனில்ல."

"எப்படி ஒட்வார் பச்சையை எடுப்பே? சொல்லு!"

அவர் பம்ப்பில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தொத்திறைச்சி கையிலேயே ஆறியது.

ஃபெர்ரியில் ஏறும் முன் கேஸ் சிலிண்டரை மூட வேண்டும், குளிர்பதனப் பெட்டியை அணைக்க வேண்டும். டீசல் போட்டதும் ஒட்வார் காரைப் பம்ப்பிலிருந்து தள்ளி, கோடியில் நிறுத்தினார். குன்வோர் கேரவனின் கதவைத் திறந்தாள். அழுகிய முட்டைக்கோஸ் வாடை முகத்தில் அறைந்தது.

"கேஸ்! ஒட்வார், கேஸ்!"

அவர் ஓடி வந்து அவளை வெளியே இழுத்துத் தள்ளினார். முன்பெட்டியைத் திறந்து சிலிண்டரை முறுக்கி மூடினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பழைய அடுப்பின் குமிழ் பாதி திறந்திருந்தது. அதைத் திருப்பிவிட்டு ஜன்னல்களைத் தள்ளித் திறந்தார்.

"நேத்து ராத்திரி நானே மூடினேன்," என்றாள் குன்வோர். "என் கையால மூடினேன்."

"ஆமா. மூடினே."

"அப்புறம் யாரு திறந்தா?"

அவர் கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சாவியைக் குடு. நான் ஓட்டறேன்." குன்வோர் கையை நீட்டினாள்.

"வேணாம்."

"ஒட்வார், குடு!"

"நீ ஓட்டக் கூடாது." இவ்வளவு கடுமையாக அவர் பேசிக் கேட்டதில்லை. சாவியைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். "கத்து, திட்டு, என்ன வேணா பண்ணு. இன்னிக்கு நீ ஓட்டக் கூடாது."

அவருடைய அப்பாவும் இப்படித்தான் சாவிக்காக முரண்டு பிடித்தார்.

கால்மணி நேரம் கேரவனைக் காற்றாட விட்டார்கள். ஒட்வார் சுற்றிச் சுற்றி வந்தார். கொக்கி, கம்பி, கதவு, படிக்கட்டு, விளக்கு. மறுபடி கொக்கி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தார். முதல் முறை பார்த்ததை அதற்குள் மறந்துவிட்டார் என்று நினைத்தாள் குன்வோர்.

இறக்கம் தொடங்கியது. அவள் இடது கையைக் கைப்பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டாள். ஒரு கணம்கூட எடுக்கவில்லை. வளைவுக்கு வளைவு கேரவன் முதுகில் முட்டித் தள்ளியது. மூன்றாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. ஒட்வார் ஒதுங்கியபோது ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

"மெதுவா. ஒட்வார், மெதுவா!"

"இரண்டாவது கியர்லதான் போறேன்."

"நாம எங்க போறோம்னு ஞாபகம் இருக்கா?"

"தீவுக்கு. ராக்ன்ஹில் வீட்டுக்கு." மகளின் பெயரை அழுத்திச் சொன்னார். "என் பேரு ஒட்வார். இன்னிக்கு வியாழக்கிழமை. போதுமா?"

ஆறாவது வளைவு. ஏழு. பிரேக் சூடான வாடை. அவள் கண்ணை மூடிக்கொண்டு வளைவுகளை எண்ணினாள்.

துறை வந்தது. கார்கள் மூன்று வரிசையாக நின்றன. ஃபெர்ரி வாயைத் திறந்துகொண்டு கரையை நெருங்கியது. அலை அதிகம், ஏற்றும் பாலம் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல், இரண்டு டன் கேரவனோடு, இந்த மனிதர் ஏறப் போகிறார்.

குன்வோர் கதவைத் திறந்து இறங்கினாள். வரிசையைச் சரிபார்த்து வந்த மஞ்சள் சட்டைப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"எங்களை ஏத்தாதீங்க."

"ஏம்மா, கேஸ் மூடலையா?"

"என் புருஷனுக்கு ஞாபகம் தப்பிப் போயிட்டிருக்கு. இன்னிக்கு மட்டும் மூணு தடவை எங்களைக் கொன்னிருப்பாரு. ஒத்துக்க மாட்டேங்கறாரு. சாவியைத் தர மாட்டேங்கறாரு. தயவுசெஞ்சு நீங்களாவது வாங்குங்க." சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் வாக்கிடாக்கியில் ஏதோ சொல்லி, அவர்களுடைய வரிசையை நிறுத்தினாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் காரின் ஜன்னலுக்குப் போனாள்.

"ஐயா, கொஞ்சம் இறங்கி வர்றீங்களா?"

ஒட்வார் எஞ்சினை அணைத்தார். இறங்கினார். அந்தப் பெண்ணிடம் எதுவும் பேசாமல் நேராகக் குன்வோரிடம் வந்து, அவளுடைய குளிர்ந்த கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"ஏப்ரல்ல இருந்து நீ செய்யற ஒவ்வொண்ணையும் உன் பின்னாலயே வந்து நான்தான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன், குன்வோர். இன்னிக்குக் காலையில நீ கொக்கி மாட்டி, அடுப்பைத் திருகினப்ப ஒரு தடவைதான் பாக்காம விட்டுட்டேன்."