யோசப்பினுக்கு நான் அடிச்ச ரெண்டு தாள்

இல்லையெண்டு சொல்லாதேங்கோ, நீங்களும் பொறாமைப்பட்டிருப்பியள்! அதுவும் மற்றவளின்ரை கெட்டித்தனத்தை உங்கடை கையாலேயே ரைப் அடிக்க வேண்டி வந்தால்?

சரி, வடிவாய்ச் சொல்லுறன். நாட்டில குழப்பமெண்டு கம்பஸைப் பூட்டி எட்டு மாசம். பேராதனையில மெக்கானிக்கல் ரெண்டாம் வருசம் படிக்கிற நான், இணுவில் வீட்டில வெங்காயம் உரிச்சுக்கொண்டிருக்கிறன். என்னோட படிக்கிற யோசப்பின் குருநகரில இருக்கிறாள். அப்பத்தான் பேப்பரில கிடந்தது: கப்பல் எஞ்சின் திருத்திற கொழும்புக் கம்பனி ஒண்டு, ஆறு மாசப் பயிற்சிக்கு ஆள் எடுக்குதாம். ஒரே ஒரு ஆள். படிவம் ஒண்டுமில்லை. உங்களைப் பற்றி ஒரு பக்கம் இங்கிலீசில ரைப் அடிச்சு அனுப்புங்கோ, அவ்வளவுதான்.

அந்த ஒரு பக்கம் என்னைப் படுத்தின பாடு! பேர், விலாசம், ஏ-லெவல் றிசல்ற்ஸ், முதல் வருச மாக்ஸ், பேச்சுப் போட்டியில ரெண்டாமிடம். பேந்து 'செய்த வேலைகள்' எண்டு தலைப்பு அடிச்சன். கீழ வெறும் வெள்ளை. எங்கடை தோட்டத்தில வாட்டர் பம்ப் நிக்குது. தொட விட்டவையோ? "நீ போய்ப் படி, அதை அண்ணை பாப்பான்" எண்டு ஐயா கலைச்சுவிடுவார். அந்தத் தலைப்பை விட்டிட்டு வேற தாளில திருப்பி அடிச்சன்.

எங்கடை வீட்டில ரைப்மெசின் இருக்கெண்டு யோசப்பினும் தன்ரை பக்கத்தைக் கையால எழுதி, சைக்கிளில கொண்டு வந்தாள்.

"இங்கிலீசைத் திருத்தி அடிச்சு வையடி அருந்ததி. நாளைக்கு வந்து கையெழுத்து வைக்கிறன்."

பாத்தன். பேர், விலாசம், மாக்ஸ். மாக்ஸும் என்னிலும் குறைவு! உள்ளுக்க ஒரு துள்ளு துள்ளினன் பாருங்கோ. பேந்துதான் யோசிச்சன். எஞ்சின் எங்கை?

ஏன் எண்டால் எனக்குத் தெரியும். போன வைகாசி அவளின்ரை வீட்டுக்குப் போகேக்க, கரையில குந்தியிருந்து அவளின்ரை அப்பா செபநாயகம் அங்கிளின்ரை வள்ளத்து எஞ்சினைக் கழட்டிக்கொண்டிருந்தவள். அங்கிளுக்கு மூண்டு வருசமாய்க் கண் தெரியிறது குறைவு, அதால எஞ்சின் எல்லாம் அவளின்ரை பாடு. புறொப்பெல்லருக்குக் குத்துற பின்னைப் பித்தளைக் கம்பியில வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இரும்பாணி போட்டா என்னடி?" எண்டு கேட்டன்.

"விசரி! கல்லில அடிச்சா ஆணி முறியாது, கியர் போயிடும். பித்தளை எண்டா பின் மட்டும்தான் முறியும். கடலிலேயே வேற பின் குத்திப்போட்டு வீட்டை வரலாம்."

இதெல்லாம் அந்தத் தாளில இல்லை. நான் வாயே திறக்கேல்லை.

"எனக்குப் போட வேற ஒண்டுமில்லையடி" எண்டாள் யோசப்பின். "உன்ரையில கனக்க இருக்கும், என்ன?"

"ஓம்... கொஞ்சம் இருக்கு."

அவள் போனாப் பிறகு பத்து நிமிசத்தில அடிச்சு முடிச்சன். முடிச்சிட்டு எழும்பியிருக்கலாம். கை சும்மா இருந்தாத்தானே! போட்டா எப்பிடி இருக்கும் எண்டு பாக்க இன்னொரு தாளைச் செருகி எஞ்சினையும் சேர்த்து அடிச்சன். மூண்டு வருசமாய்க் கழட்டிப் பூட்டினது, காபரேட்டர் துப்புரவாக்கினது, பித்தளைப் பின். நாலே நாலு வரி. வாசிக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் படிச்சு மட்டும் வைச்சிருக்கிறதை உவள் செய்தே முடிச்சிட்டாள்! அந்தத் தாளை மேசை லாச்சிக்குள்ள தள்ளி அடிச்சுச் சாத்தினன்.

அடுத்த நாள் வந்தாள். எஞ்சின் இல்லாத தாளைத்தான் குடுத்தன். வாசிச்சுப் பாத்துப் பெருமூச்சு விட்டாள்.

"இதைப் பாத்து ஆரடி கூப்பிடப் போறாங்கள்? அப்பா வேற எனக்குக் கிடைக்கோணுமெண்டு கோயிலில மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு திரியிறார்."

பேனையைத் திறந்திட்டாள்.

"நில்லு, வையாதை!" எண்டு லாச்சியை இழுத்து மற்றத் தாளை அவளுக்கு முன்னால போட்டன்.

வாசிக்க வாசிக்க அவளின்ரை முகம் கறுத்துப்போச்சு. "உதை ஏன் போட்டனி? மீன்காரப் பெட்டை எண்டு சிரிப்பாங்கள்."

பாத்தியளோ, எவ்வளவு நல்ல சாட்டு! 'சரி, அப்ப வேண்டாம் விடு' எண்டா முடிஞ்சுது. நாக்கு நுனி மட்டும் வந்தது.

"சிரிக்கிறவனிட்டைக் கேள், புறொப்பெல்லர் பின் ஏன் பித்தளை எண்டு. எனக்கே நீ சொல்லித்தான் தெரியும்."

"உண்மையாவோ?"

"கையெழுத்தை வையடி, மனம் மாறமுந்தி!"

"ஆற்றை மனம்?"

தாளை அவளுக்குக் கிட்டத் தள்ளிவிட்டன். அவள் வைச்சிட்டாள்.

உடனேயே உறைக்குள்ள போட்டுப் பசை பூசி ஒட்டிப்போட்டன். ஐயாவோட வேலை செய்யிற நமசிவாயம் மாமா நாளைக்குக் கொழும்பு போறார், பின்னேரம் வந்து ரெண்டு உறையையும் வாங்கிக்கொண்டு போவார். எனக்கு இன்னும் வயிறு எரியுது, பொய் சொல்லேல்லை. ஆனா எனக்கும் ஒரு சான்ஸ் இருக்குத்தானே? மாக்ஸைப் பாத்தா நான், எஞ்சினைப் பாத்தா அவள். நீங்கள் அந்தக் கம்பனிக் கதிரையில இருந்தா ஆரைக் கூப்பிடுவியள்? என்ரை முகத்துக்காகச் சொல்லாதேங்கோ, உண்மையாய்ச் சொல்லுங்கோ, ஆரை?