பதினான்காம் கேள்வி

கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் அறிவு அல்ல. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆராய்ச்சிக்கும் அந்தக் குழு அனுமதி தர வேண்டும். குழுவில் கல்லூரிக்கு வெளியே உள்ள சாதாரண ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நான்தான் அவர்களுக்குக் கைக்கெட்டிய சாதாரண ஆள். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செயலாளர் மஹேஷ் சார் போன் செய்வார். கடையைப் பக்கத்து பேக்கரிக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடுவேன். இரண்டு வருடம் இப்படிப் போய்க் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அன்று ஜிஜியின் விண்ணப்பம் வந்தது. எல்லையோரம் பாறசாலைப் பக்கத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. கட்டிட வேலையில் விபத்தில் இறந்த தமிழ்த் தொழிலாளிகளின் மனைவிகளை வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுக்கப் போகிறாள். சம்மதப் படிவத்தை வேறு எதிலிருந்தோ நகலெடுத்திருந்தாள். 'ஊசி குத்திய இடத்தில் லேசாக வீங்கலாம்' என்று மூன்றாம் பத்தியில் இருந்தது. ஒருவர் அதை வாசித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரியை அடிக்கச் சொன்னார்கள். கீழே, பங்கேற்பவருக்கு வரக்கூடிய பாதிப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அவளுடைய கேள்வித்தாளில் பதினான்காம் கேள்வி இது: 'அன்று அவரை வேலைக்குப் போகாமல் தடுத்திருக்கலாம் என்று நினைக்கிறீர்களா?' பதிலுக்கு ஐந்து கட்டங்கள், 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை.

இதை எங்கே வைத்துக் கேட்பாய் என்று எதிரே நின்ற ஜிஜியிடம் கேட்டேன். வீட்டில் என்றாள். அப்போது வீட்டில் வேறு யார் இருப்பார்கள் என்றேன். அவள் காகிதத்தைப் புரட்டினாள். ஒற்றை அறை வீட்டில், செத்துப்போனவனின் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நானே சொன்னேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் துணை முதல்வர். என் கணவர் ஜெபசிங் மூன்று வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர் என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மஹேஷ் சார் விதிப்புத்தகத்தை எடுத்து, அவருடைய மலையாளத் தமிழில் சொன்னார்.

"சேச்சிக்கு இதுல சொந்தக் காரியம் உண்டல்லோ. அப்படி உள்ளவங்க இருக்கப் பாடில்ல, கேட்டோ. கொஞ்சம் வெளிய நிக்கணும்."

ஒன்றும் தெரியாமல் இருக்கும்வரைதான் உட்கார்ந்திருக்கலாம் போல. எழுந்து போனேன். ஐந்து நிமிடத்தில் பியூன் வந்தார். நான் இல்லாமல் கூட்டம் செல்லாதாம். உள்ளே வந்து வாயைத் திறக்காமல் உட்கார வேண்டுமாம். உட்கார்ந்தேன். என் காதில் விழுவதும் தப்பில்லையா என்று மஹேஷ் சாருக்கு அடுத்த சந்தேகம். மறுபடி வராந்தா. கடைசியில், நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், நிற்பது வெளியிலேயே நிற்கலாம் என்று முடிவானது.

பதிவேட்டை ஜிஜியே கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. அனுமதியை அன்று நாலரைக்குள் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

"என்மேல என்ன கோவம்க்கா? இருபது கேள்வியும் சேர்ந்தாதான் கணக்கு. ஒண்ண எடுத்தா மொத்தமும் வீணு."

"எடுக்கச் சொல்லல மக்ளே. இப்ப என்கிட்ட கேளு, பாப்போம்."

அவள் அந்தக் கேள்வியை வாசித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"எங்க மாமியார் முன்னால கேட்டியானா முதல் கட்டம். இங்க கேட்டியானா கடைசிக் கட்டம். நீ எழுதிட்டுப் போயிருவ. நானும் அவங்களும் அந்த ரூம்லதான் கிடக்கணும்."

"அவங்க என்ன சொல்லுவாங்க?"

"மூணு வருஷமா இதத்தான் கேக்காங்க. உன்னோடது அச்சடிச்சது, அவ்வளவுதான்."

ஜிஜி பதிவேட்டை என் கையில் கொடுத்தாள். பிறகு படிவத்தைச் சுவரில் வைத்து, பாதிப்பு என்ற இடத்தில் இருந்த 'இல்லை' என்பதை அடித்தாள். பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: 'பேட்டி வீட்டில் அல்ல. பங்கேற்பவர் சொல்லும் இடத்தில், அவர் தனியாக இருக்கும்போது மட்டும்.' அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கையால் எழுதிய திருத்தம் செல்லாது என்று மஹேஷ் சார் சொல்வது கதவு வழியே கேட்டது. டைப் செய்து அடுத்த கூட்டத்துக்குக் கொடுக்கட்டும், இல்லையென்றால் பழையபடியே பாஸ் செய்துவிடலாம் என்றார். பழையபடியே என்றது இன்னொரு குரல். பிறகு மஹேஷ் சாரே வெளியே வந்தார். பதிவேடு என் கையில் இருந்தது.

"சேச்சி, ஒரு ஒப்பு மாத்ரம்."

"அவ கையால எழுதுன வரிக்குப் பக்கத்துல தலைவர் ஒப்பு விழட்டும் சார். பொறவு நான் இடுதேன்."

"இது பிளாக்மெயில் அல்லே?"

"நான் பேச்சுலயே இல்லியே சார். வெளியதான நிக்கேன்."

அவர் உள்ளே போனார். உள்ளே யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ மேசையைத் தட்டினார்கள். நாலே கால் ஆகிவிட்டது. தலைவர் சத்தியநேசன், ஓய்வுபெற்ற பேராசிரியர், படிவத்துடன் அவரே எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் அந்த வரியின் ஓரத்தில் ஒப்பு போட்டார். நான் வரியை இன்னொரு முறை வாசித்துவிட்டுப் பதிவேட்டில் என் பெயரை எழுதினேன்.

ஜிஜி படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு, படியிறங்கி அலுவலகத்துக்கு ஓடினாள்.