முன்சப்பை மூன்று கிலோ

அந்த வீட்டில் இரண்டு மாதமாக யாரும் 'பல்' என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. மாமனாருக்கு மிச்சமிருந்த ஆறு பற்களையும் டாக்டர் ஒரே வாரத்தில் பிடுங்கிவிட்டார். ஈறு ஆறிக் கட்டுப்பல் வைக்க இன்னும் ஒரு மாதம் ஆகும்.

மனிதர் முப்பது வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாப்பிடும்போது உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுவார். அப்பேர்ப்பட்டவர் இப்போது கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேசையில் மற்றவர்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டு எழுந்தார்கள். சாப்பாடா அது, பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது.

சின்ன மருமகளுக்குத்தான் அது தாங்கவில்லை. தையல் ஆலையில் துணி வெட்டுகிறவள் அவள். பேச்சே இல்லாத வீட்டில் வளர்ந்துவிட்டு வந்தவளுக்கு இந்த வீட்டில் முதலில் பிடித்துப்போனது மாமனாரின் கூச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எழுபது முடிகிறது. அன்றைக்கு அவரை எப்படியாவது மேசையில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள். அவருக்குப் பன்றிக்கறி என்றால் உயிர். மெல்லவே வேண்டாதபடி வேகவைத்து, இழை இழையாகப் பிய்த்துக் கொடுத்தால் வராமலா போய்விடுவார்?

புதன்கிழமை ஒத்திகை பார்த்தாள். கறிக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, இருக்கறதுலயே மெத்துனு, நல்ல கறியா குடுங்க" என்றாள். யாருக்கு, எதற்கு என்று சொல்லவில்லை. வீட்டில் அடக்கிய வார்த்தை கடையிலும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அவரும் கேட்டதற்கேற்ப முதுகுக்கறியைக் கொடுத்தார். விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஐந்து மணி நேரம் அடுப்பில் வைத்து இறக்கியபோது அது கயிறாகியிருந்தது. மாமனார் இரண்டு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் துப்பி மடித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை மறுபடியும் கடைக்குப் போனாள். கிளம்பும்போதே மூத்த மருமகள், "இந்தத் தடவையும் முதுகுக்கறியே வாங்கு. வர்றவங்க முன்னாடி கௌரவமா இருக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் பழக்கத்தில் அதையே எடுத்துப் பலகையில் போட்டார். அவள் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, எங்க மாமாவுக்கு ஒரு பல்லுகூட இல்ல."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? தெரிஞ்சிருந்தா இதக் கண்ணுல காட்டியிருப்பேனா? இது உழைக்காத கறிம்மா. சட்டுனு வறுத்தா பஞ்சு. மணிக்கணக்கா வேகவச்சா இருக்கற ஈரமெல்லாம் போயி வெறும் நாரு. உனக்கு வேண்டியது முன்சப்பை."

கொக்கியிலிருந்து தோள்பட்டையை இறக்கினார். எலும்போடு, கொழுப்போடு, முரட்டுத் துண்டு. அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. ஆனால் துணி பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? முதுகுக்கறியில் இழை நெருக்கமாக, இடைவெளியே இல்லாமல் ஓடியது. இதிலோ இழைகள் தளர்வாகக் கிடக்க, நடுவே வெள்ளைக் கொழுப்பும் ஜவ்வும் ஊடுருவியிருந்தன.

"இந்த ஜவ்வு உருகிட்டா இழையெல்லாம் தானா விட்டுரும், இல்லண்ணே?"

"கரெக்ட்டா புடிச்ச. கொழுப்ப வெட்டித் தள்ளிடாத. எலும்பு கையோட வந்தாத்தான் வெந்துச்சுனு அர்த்தம்."

மூன்று கிலோ வாங்கினாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு உப்பும் மிளகும் தடவி, வெங்காயத்தின் மேல் வைத்து, கனத்த பாத்திரத்தை மூடிச் சிறு தீயில் ஏற்றினாள். பத்து மணிக்கு வீடே மணத்தது. பன்னிரண்டு மணிக்கு எலும்பைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பன்னிரண்டரைக்கும் அதே கதைதான். கூடத்தில் உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து கரண்டியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூத்தவள் கத்தியோடு வந்தாள். "போதும், குடு. துண்டு போட்டு வச்சிரலாம். மானம் போகுது."

"அக்கா, இப்ப வெட்டினா மாமாவால சாப்பிட முடியாது. இன்னும் கொஞ்ச நேரம்."

"காலையிலேருந்து இதையே சொல்ற!"

வாக்குவாதம் முற்றுகிற நேரத்தில் அடுப்படி வாசலில் மாமனார் நின்றிருந்தார். வாசனைதான் இழுத்து வந்திருக்க வேண்டும். "என்ன தகராறு?" என்றார், உதட்டை அசைக்காமல்.

சின்னவள் மென்று முழுங்கவில்லை. "எலும்பு கையோட வரணும் மாமா. இன்னும் வரல. நீங்க எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடணும்னுதான் இதச் செய்யறேன். இல்லேன்னா எனக்கு இந்தக் கறியே வேண்டாம்."

அவர் அவளைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சிக்னல் விழாம வண்டிய எடுக்கக் கூடாது. மூடி வை."

மூத்தவள் கத்தியை எடுத்துக்கொண்டு போய் வெள்ளரிக்காய் நறுக்கினாள்.

முக்கால் மணி நேரம் இருவரும் பாத்திரத்துக்குக் காவலிருந்தார்கள். ஒன்றே காலுக்கு மூடியைத் திறந்ததும் அவர் ஒரு துணியைச் சுற்றி எலும்பைத் தானே பிடித்தார். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வெள்ளை வெளேரென்று, ஒட்டுக் கறி இல்லாமல், கையோடு வந்தது. கறி தானாகவே சரிந்து இழை இழையாகப் பிரிந்தது. ஒரு இழையை எடுத்து நாக்கில் வைத்து மேல் அண்ணத்தில் அழுத்தினார். கண்ணை மூடினார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அவளுக்கும்தான்.

அவள் ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள், வழக்கம்போல அறைக்கு எடுத்துப் போவார் என்று. அவர் அதை வாங்கவில்லை. பாத்திரத்தையே துணியோடு இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார்.

மேசையில் இடமில்லை. அவர் நாற்காலியில் மூத்த மகன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். மாமனார் பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டு வாயை முழுசாகத் திறந்தார். தெரு முனைவரை கேட்டிருக்கும்.

"டேய், எந்திரி! பல்லு இருக்கறவன் எங்க வேணா உக்காந்து திங்கலாம்!"