எழுநூறு சொற்களில் கப்பல் சாப்பாடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாக வரவேண்டியதே இல்லை. லண்டன் வெம்பிளியில் இருந்து மாதாமாதம் வெளிவரும் ஓர் இலவசத் தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர் நிசாந்தன் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை.

"அண்ணை, உல்லாசக் கப்பலில சாப்பாட்டு மெனு எப்பிடி இருக்கும், என்னத்தை எதிர்பாக்கலாம் எண்டு எழுநூறு சொல்லு எழுதித் தாங்கோ. பக்கத்துப் பக்கத்தில கப்பல் விளம்பரம் வருது."

"நான் ஒரேயொரு தரம்தானே தம்பி போனனான்?"

"அது காணும் அண்ணை. விளம்பரம் தந்தவர் ஒருக்காலும் போகேல்லை."

முதல் முயற்சி இப்படித் தொடங்கியது: "பிரதான உணவுக்கூடத்தில் மெனு ஒவ்வொரு மாலையும் மாறும். தொடக்கம், பிரதானம், இனிப்பு என மூன்று அடுக்கு. விலை போட்டிருக்காது. விலை போடாத மெனுவைக் கண்டதும் யாழ்ப்பாணத்தான் செய்யும் முதல் வேலை…" (கைவிட்டேன். யாழ்ப்பாணத்தானை வைத்துப் பகிடி விடத் தொடங்கினால் எழுநூறு சொல் போதாது.)

இரண்டாம் முயற்சி: "குலசேகரம் மெனுவை இரண்டு கையாலும் ஏந்தி, தேவாரம் படிப்பவரைப் போல வரிவரியாக வாசித்தார்."

இந்தக் குலசேகரம் எங்கிருந்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. கட்டுரைக்குள் ஓர் ஆள் நுழைந்தால் அது கட்டுரையாக நிலைக்காது என்பது மட்டும் தெரியும். வந்தவரை எழுப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்பதால் இருக்கவிட்டேன்.

இன்னொன்று. என் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர் உலகில் ஒருவர்தான். அவரைத்தான் முப்பத்தாறு வருடங்களுக்கு முன் கலியாணம் செய்தேன். (கையெழுத்துக்காக அல்ல.) எழுதிய பக்கத்தைக் காலையில் சமையலறை மேசையில் வைத்தால், மாலைக்குள் ஐபேடில் தட்டச்சாகிவிடும். பிழை கண்டால் சதுர அடைப்புக்குள் குறிப்பெழுதுவது அவர் வழக்கம். அவற்றை நீக்கிவிடும்படி நிசாந்தனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எதையும் நீக்கிப் பழக்கமில்லாதவர்.

[முதல் பிழை: மெனு வாசிச்சது தேவாரம் மாதிரி இல்லை. கவுன்சில் கடிதம் வாசிக்கிற மாதிரி. நானும் பக்கத்திலதான் இருந்தனான்.]

2

குலசேகரத்துக்கு அறுபத்தேழு வயது. தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் நின்றே வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஏழு நாள் உட்கார வைத்தே சாப்பாடு போடும் ஓர் இடத்துக்கு அவரையும் மனைவி வசந்தமலரையும் அனுப்பியது மகள் விதுஷா. சௌதாம்ப்டனில் ஏறினால் நோர்வே, திரும்பினால் சௌதாம்ப்டன்.

பயண முகவர் முன்கூட்டியே சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன், கட்டுரையின் கடன் கழியட்டும்: உணவுக்கூடத்தில் உங்களுக்கு ஒரு மேசையும் நேரமும் ஒதுக்கினால், ஏழு மாலையும் அதே மேசை, அதே பரிமாறுபவர், அதே அயலவர்.* குலசேகரத்துக்குக் கிடைத்தது மேசை நாற்பத்தேழு. பரிமாறியவர் கோவாவைச் சேர்ந்த அக்னெலோ. அயலவர் வெம்பிளியில் வசிக்கும் சேகர், ராஜி தம்பதி; தமிழ்நாட்டுக்காரர்கள், இருவரும் கணினித் துறை. பெயர்களைப் பார்த்துத் தமிழரைத் தமிழரோடு உட்கார வைத்திருந்தது ஏதோ ஒரு மென்பொருள். நம் சங்கங்கள் முப்பது வருடமாக முயன்றும் செய்யாத காரியம்.

(* மெனுவின் அடியில் "எப்போதும் கிடைக்கும்" என்று ஒரு பெட்டி இருக்கும்: வாட்டிய கோழி, சால்மன், சாலட். மேலே உள்ள பெயர்கள் பயமுறுத்தினால் இங்கே ஒதுங்கலாம். ஒரே ஆள் இரண்டு தொடக்கம் கேட்டாலும் யாரும் கோபிப்பதில்லை. இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல்நாள் மாலையே பரிமாறுபவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.)

முதல் மாலை, அவித்த கொட் மீன் வந்தது. வசந்தமலர் கைப்பையைத் திறந்து ஒரு விற்றமின் குளிசைப் போத்தலை எடுத்தாள். உள்ளே இருந்தது குளிசை அல்ல, வீட்டில் வறுத்து அரைப்பித்த மிளகாய்த்தூள். துறைமுகத்தில் சோதித்த அதிகாரி இவ்வளவு சிவப்பான விற்றமினை அதற்குமுன் கண்டிருக்க மாட்டார்.

"இஞ்சருங்கோ, போடட்டே?"

"வேண்டாம். இப்பிடியே திறம், நல்லாயிருக்கு."

வசந்தமலரின் கை போத்தலோடு அப்படியே நின்றது. அவித்த கொட் மீனுக்கு முன்னால் தூள் வேண்டாம் என்று சொல்லும் யாழ்ப்பாணத்தவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

[குலசேகரம் எண்டு ஒருத்தரும் எங்கட மேசையில இருக்கேல்லை. போத்தல் உண்மை. அது மீன் எண்ணெய்க் குளிசைப் போத்தல், விற்றமின் இல்லை.]

3

தட்டச்சு செய்பவரின் குறிப்பைக் கண்டேன். பதில்: இது புனைவு.

இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. குலசேகரம் ஏன் தூளை வேண்டாம் என்றார்? நல்ல எழுத்தாளன் இதைக் கடைசிவரை மறைத்து வைப்பான். எனக்கு மறைத்துக் களைத்துப் போய்விட்டது (அவருக்கு என்று வாசிக்கவும்).

காரணம் இதுதான். 2020 சித்திரையில் வந்த காய்ச்சல் போகும்போது அவருடைய மணத்தையும் ருசியையும் கூடவே கொண்டுபோய்விட்டது. இரண்டு மாதத்தில் திரும்பும் என்றார்கள். திரும்பவில்லை. கத்தரிக்காய்க் குழம்பும் கட்டித்தயிரும் அவருக்கு வெறும் சூடும் குளிரும்தான். மிளகாய் மட்டும் எரியும். அதுவும் கறியில்லாத எரிவு. ஆளில்லா வீட்டில் அலாரம் அடிப்பதுபோல.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரு முன்கதை உண்டு.

அதற்கு முந்தைய முப்பத்தொரு வருடம் குலசேகரம் குறை சொல்லும் மனிதர். கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் எந்தக் கலியாணப் பந்தியிலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் இரண்டாந்தரம் கேட்பார்கள். வீட்டில் கேட்கவே வேண்டாம். "வெந்தயம் கூடிப் போச்சு." "பால் முதலே விட்டிட்டீர்." "புளி எங்கை?" வசந்தமலர் மேசைக்குக் கறி கொண்டுவருவது, பரீட்சை முடிவு பார்க்கப் போகும் பிள்ளையின் நடையில்.

ருசி போன முதல் கிழமை, என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் "திறம்" என்றார். வசந்தமலர் வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மறுநாளும் "திறம்". ஒரு மாதத்தில் அவள் சமைக்கும்போது பாட்டு முணுமுணுக்கக் கேட்டது. அடுத்த வருடம், அதுவரை பயந்து ஒதுங்கியிருந்தவள், கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கத் தன் பெயரைக் கொடுத்தாள். "ஊரெல்லாம் நல்லாயிருக்கெண்டு சொல்லும், அது பெரிய காரியமில்லை. இவரே சொல்லிப்போட்டார்!" என்று தங்கை குமுதினிக்குத் தொலைபேசியில் சொன்னது குலசேகரத்தின் காதில் விழுந்தது.

அதன்பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் போவது அவருடைய நாக்கு அல்ல. அவளுக்குக் கிடைத்த அத்தனை "திறமும்" போய்விடும்.

4

முந்தைய பக்கத்துக்குக் குறிப்பு வரவில்லை. தட்டச்சு ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. தேத்தண்ணியும் வந்தது. சீனி போட்டிருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தி, நிசாந்தனுக்கு வேறு கட்டுரை எழுதலாமா என்று யோசித்தேன். "தொடருந்தில் நோர்வே" என்று ஒரு தலைப்புக்கூட… (கைவிட்டேன்.) அவர்களைக் கப்பலில் விட்டுவிட்டு நான் மட்டும் இறங்குவது சரியல்ல.

மூன்றாம் மாலை. அக்னெலோ வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தார். குலசேகரம் கட்டைவிரலை உயர்த்தி, ஆங்கிலத்தில் பிரமாதம் என்றார்.

சேகர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த மீன்ல சுத்தமா உப்பே இல்ல. எப்படி சார் பிரமாதம்னு சொல்றீங்க?"

"ஏங்க, அவருக்குப் பிடிச்சிருக்கு, விடுங்களேன்," என்றாள் ராஜி.

"இல்ல ராஜி, மூணு நாளா பாக்குறேன். எது வந்தாலும் பிரமாதம்!"

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தமலரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு லிப்டுக்குள் வந்ததும் நின்றது. லிப்டில் நீந்திவிட்டுத் தோளில் துவாயோடு இரண்டு வெள்ளைக்காரர் மட்டுமே இருந்ததால் தமிழில் தாராளமாகச் சண்டை பிடிக்கலாம்.

"இஞ்சருங்கோ. என்ர கறியும் திறம். அந்தப் பச்சைத்தண்ணி மீனும் திறம். ரெண்டும் ஒண்டோ?"

"சீச்சீ. உம்மட கறி வேறை."

"அப்ப ஏன் ஒரே சொல்லு?"

குலசேகரம் லிப்டின் எண்களைப் பார்த்தார். அவை ஒன்றும் சொல்லித்தரவில்லை.

அவருடைய சிக்கல் வாசகருக்குப் புரிந்திருக்கும். உண்மையைச் சொன்னால் அவள் கறிக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் பொய். சொல்லாவிட்டால் அவள் கறியும் கப்பல் மீனும் ஒன்று. அவர் மூன்றாவது வழியொன்றைக் கண்டுபிடித்தார். மூன்றாவது வழிகளைக் கண்டுபிடிப்பவர்கள் கெட்டிக்காரர்கள் என்று அதுவரை நினைத்திருந்தார்.

நான்காம் மாலை, பழைய குலசேகரம் திரும்பி வந்தார். மெனுவை நுணுக்கமாக வாசித்தார். "எலுமிச்சை வெண்ணெய்ச் சாற்றில் சால்மன்" என்று இருந்தது. தட்டு வந்தது. ஒரு வாய் வைத்தார், முகத்தைச் சுளித்தார்.

"என்ன சாப்பாடு இது! எலுமிச்சங்காய் கூடிப் போச்சு. பல்லுக் கூசுது. எங்கட வீட்டில எண்டா இப்பிடி ஒரு நாளும் வராது."

வசந்தமலரின் முகம் மலர்ந்தது. அது அரை நிமிடம் நீடித்தது. அக்னெலோ வேகமாக வந்து, மிகுந்த மரியாதையோடு மன்னிப்புக் கேட்டார். தட்டு மாறிவிட்டதாம். இது பக்கத்து மேசையில் எலுமிச்சை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்காகத் தனியாகச் செய்தது. ஒரு துளி எலுமிச்சைகூட இதில் கிடையாதாம்.

குலசேகரம் மீனைச் சாப்பிடவில்லை. மெனுவைச் சாப்பிட்டிருந்தார்.

சேகர் வாயைத் திறந்தார். ராஜி மேசைக்கடியில் எதையோ செய்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். வசந்தமலர் கணவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். பாண் பொங்கியிருக்கிறதா என்று அடுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல, பொறுமையாகப் பார்த்தாள்.

[அது "பார்த்தாள்" இல்லை. பார்த்தார். மரியாதை.]

5

குறிப்பு திரும்பி வந்துவிட்டது. தொடர்கிறேன்.

இனிப்பு வந்தபோது வசந்தமலர் உடம்பைத் திருப்பி, தன் கையால் மறைத்து, ஒரு கரண்டியில் எதையோ எடுத்தார்.

"கண்ணை மூடுங்கோ."

"ஏன்?"

"மூடுங்கோவன். மூடிக்கொண்டு சாப்பிட்டு, எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

குலசேகரம் கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். குளிராக, மெத்தென்று ஏதோ ஒன்று நாக்கில் வந்து கரைந்தது.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. குலசேகரம் கண்ணைத் திறந்து, "வசந்தி, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நாலு வருஷமாத் தெரியேல்லை," என்கிறார். அவர் அழுகிறார், இவர் அழுகிறார், அக்னெலோ துடைக்கக் கடுதாசி கொண்டுவருகிறார். (பத்திரிகைக்குப் பிடிக்கும். அன்று நடந்தது இதுவல்ல.)

ஆ. "உப்புக் கூடிப் போச்சு," என்கிறார். கரண்டியில் இருந்தது ஐஸ்கிரீம். எல்லோரும் சிரிக்கிறார்கள். (சேகருக்குப் பிடிக்கும்.)

இ. "திறம்," என்கிறார்.

நடந்தது மூன்றாவது. ஆனால் அது முடிவே இல்லை. வசந்தமலர் கரண்டியைத் துடைத்து வைத்தார். கப்பல் சௌதாம்ப்டனுக்குத் திரும்பியது. ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் அவர் சமைத்து வைக்கிறார், நான் திறம் என்கிறேன்.

(குலசேகரம் என்கிறார் என்று திருத்தப் போனேன். பேனையை வைத்துவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.)

இந்தக் கதையை ஏன் முடிக்க ஏலவில்லை என்றால், அந்தக் கரண்டியில் இருந்தது ஐஸ்கிரீமா, வெண்ணெயா, மிச்சமிருந்த உருளைக்கிழங்கு மசியலா என்று அதைச் சாப்பிட்ட ஆளுக்கே தெரியாது. அவர் சொன்ன "திறம்" வெறும் சொல்லா, அல்லது அந்த இடத்திலேயே அவருடைய பொய்யெல்லாம் வெளிப்பட்டுவிட்டதா என்றும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். ஆகவே முடிவை வாசகரிடம் விடுகிறேன். பத்திரிகை வாசகரிடம் அல்ல. இதை முதலில் வாசிக்கும் வாசகரிடம்.

நாளைக் காலை இந்தப் பக்கத்தையும் மேசையில் வைக்கிறேன்.

[நிசாந்தன் தம்பிக்கு: இவர் எழுதினது இவ்வளவுதான். கரண்டியில என்ன இருந்ததெண்டு நான் எழுதமாட்டன். அது எங்கட மேசை. கீழ இருக்கிறது இவருக்கு நான் எழுதின இண்டைய மெனு. இதை எடுத்துப்போடாதேங்கோ.

தொடக்கம்: ரசம். மிளகு முன்னுக்கு நிக்குது, புளி பின்னால வந்து தொண்டையில ஒருக்காத் தங்கிப் போகும்.

பிரதானம்: புட்டும் விளைமீன் குழம்பும். வெந்தயம் கொஞ்சம் கூடிப் போச்சு, கடைசியில ஒரு கைப்பு. முந்தியெண்டா நீங்கள் சொல்லியிருப்பியள். இனி நான் சொல்றன், நீங்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கோ.

இனிப்பு: ரவைப் பாயாசம். கோயில் சனம் நல்லதெண்டு சொன்னது. நானும் ருசி பாத்தனான், நல்லதுதான்.

எப்போதும் கிடைக்கும்: தேத்தண்ணி. சீனி போட்டிருக்கோ எண்டு என்னட்டைக் கேளுங்கோ.]