திண்டிவனம் கொஞ்சம் கிட்ட வந்தது

"அப்போ அது பொய் சொல்லுதுன்னு சொல்றீங்க."

"பொய்யின்னு ஏம்மா சொல்ற. கொஞ்சம் கொறச்சிச் சொல்லுது, அவ்ளோதான்."

"கொறச்சிச் சொன்னா அதுக்குப் பேரு இன்னாண்ணே?"

சகாயராஜ் போனட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சிரித்தார். விழுப்புரத்தில் அவருடைய பட்டறை ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்து விட்டுக்கொண்டு, இந்த ஒரு வண்டிக்காக மட்டும் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். அவர் கையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சோப்புக்கட்டி அளவுதான். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பி, ஆளுக்கொரு சாக்கெட்டில் முடிந்தன.

"இத பாரு தங்கச்சி. உள்ள டீசல் எவ்ளோ பிரஷர்ல போவுதுன்னு பாத்துச் சொல்றதுக்கு ஒரு சென்சார் கீது. அது சொல்றதக் கேட்டுத்தான் வண்டியோட கம்ப்யூட்டர் நடந்துக்குது. இந்தப் பொட்டி அதுங்க ரெண்டுக்கும் நடுவுல குந்திக்கினு, பிரஷர் பத்தலன்னு சொல்லும். கம்ப்யூட்டரு நம்பிடும். இன்னும் கொஞ்சம் ஏத்தி விடும். சாப்ட்டுட்டு வந்து பசிக்குதுன்னு நிக்கிற புள்ளைக்கு இன்னும் ரெண்டு வாய் ஊட்றோமில்ல, அது மாதிரி."

"செரிக்காம போயிடாது?"

"ஓவரா ஊட்னா போயிடும். நான் அளவாத்தான் வெச்சிருக்கேன்."

அருணா திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். திருமுருகன் பட்டறைக்கு வெளியே நின்று, புங்கமரத்து நிழல் காரின் கூரைமேல் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருவெண்ணெய்நல்லூர்க்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய டீசல் கார் அது. நல்ல வண்டிதான், ஆனால் சோம்பேறி. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பெருமூச்சு விட்டு, யோசித்து, அதற்கப்புறம்தான் கிளம்பும்.

"இன்னாத்துக்கு மாமா இதெல்லாம்?" என்று கேட்டாள் அருணா.

"மைலேஜுக்குத்தான்" என்றான் திருமுருகன், நிழலைப் பார்த்தபடியே.

மைலேஜுக்கு இல்லை. அவனுடைய ஊர் கெடார். அங்கே கொஞ்சம் மல்லாட்டைக் கடலையும் கொஞ்சம் கரும்பும் போட்டிருந்தான். போர் மோட்டாருக்கு மின்சாரம் எப்போது வருமென்று காத்திருக்கிற பிழைப்பு. அருணாவுக்கோ திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக அதிகாலையிலேயே திறந்துவிடும் இடம் அது. கெடாரிலிருந்து அந்நேரத்துக்கு அங்கே கொண்டு சேர்க்கிற பஸ் கிடையாது. அதனால் தினமும் விடியலில் அவன்தான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான். சாயங்காலம் அவள் பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்வாள். வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, தட்டை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். கூட வேலை செய்யும் ஜெசிந்தா, திண்டிவனத்தில் ஒரு மாடி அறையைப் பார்த்திருக்கிறாள். லேபுக்கு அடுத்த தெருதான். இரண்டு பேர் சேர்ந்து தங்கலாம். வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிடலாம். ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம்.

"பாக்கலாம்" என்றான் திருமுருகன்.

அவர்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்பது வாசலை மூடுகிற சொல் அல்ல, திறக்கிற சொல்லும் அல்ல. அதன் நிலைக்காலில் சாய்ந்து நிற்பதற்கான சொல். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்ல என்ன நியாயம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. வாரம் ஒரு முறை வருவது, பிறகு வேலை அதிகமென்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவது, பிறகு விருந்தாளிபோல் செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டு வருவது. இதெல்லாம் கண்முன் ஓடியது. அவன் மனசு கடைசியில் ஒரு விசித்திரமான கணக்குக்கு வந்து நின்றது. அவளை எடுத்துக்கொள்ளப் பார்ப்பது ஜெசிந்தா அல்ல, அறை அல்ல, வேப்பமரமும் அல்ல. தூரம். தூரத்தைக் குறைக்க முடியுமா என்று போனில் தேடப்போய்த்தான், யாரோ ஒருவர் காரின் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டிப் பேசிய வீடியோ அகப்பட்டது.

பெட்டியை மாட்டி முடித்ததும் நேராக மயிலத்துக்குப் போனார்கள். திருமுருகன் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் மயிலம் மலையேறி முருகனிடம் காட்டிவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் அர்ச்சனைத் தட்டில் ஏறியிருக்கிறது. அருணாவின் வேலைக்கான உத்தரவும் அதே தட்டில் தேங்காய்க்கும் பழத்துக்கும் நடுவே படுத்திருந்து, குங்குமக் கறையோடு திரும்பியிருக்கிறது. வண்டிக்கு வெளியில் நின்று ஆரத்தி காட்டி எலுமிச்சம்பழம் நசுக்குவது வேறு. இது வேறு. பெட்டி நேரில் போயாக வேண்டும்.

ஆகவே மலைமேல் வண்டியை நிறுத்தி, போனட்டைத் திறந்து, சகாயராஜ் சொல்லிக்கொடுத்தபடியே கிளிப்பை அழுத்தி, பெட்டியைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டான்.

"இது இன்னாப்பா? வெடிகிடி இல்லியே?" என்றார் அர்ச்சகர்.

"இன்ஜின் சாமானுங்க சாமி."

"யார் பேருக்கு?"

திருமுருகன் ஒரு நொடி தயங்கினான். "அருணா. திருவோண நட்சத்திரம்."

பின்னால் கூட்டத்தில் நின்ற அருணா அதைக் கேட்டாள்.

பெட்டி திரும்பி வந்தபோது நெற்றி நிறையச் சந்தனம் பூசிய பிள்ளைபோல் இருந்தது. சாக்கெட்டுகள் இரண்டும் விபூதியில் புரண்டிருந்தன. திருமுருகன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே ஈரக்கையோடு போனட்டுக்குள் குனிந்தான்.

"தொடச்சிட்டு மாட்டு மாமா."

"சாமி வெச்சத யாராவது தொடப்பாங்களா" என்று சொல்லி, கிளிப் 'டிக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினான்.

மறுநாளிலிருந்து வண்டியின் சுபாவமே மாறிப்போயிற்று. மிதித்தால் பெருமூச்சு இல்லை, யோசனை இல்லை. முன்னால் போகும் கரும்பு டிராக்டர் பக்கத்தில் வந்ததும் தெரியாது, கண்ணாடியில் பின்வாங்கியதும் தெரியாது. முண்டியம்பாக்கத்தில் ஆலையின் வெல்லப்பாகு வாசனை வண்டிக்குள் நுழைவதற்குள் வண்டி அந்த வாசனையைக் கடந்துவிட்டிருந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி, எழுந்து நின்று வழிவிடுகிறவர்போல் எதிரே வந்தது. மார்கழி மாசத்து வெளிச்சத்தில் வயல்கள் பாதி உருவத்தோடு மிதந்துகொண்டிருக்க, அவனுக்கு ஓர் எண்ணம் வந்தது. நாம் திண்டிவனத்துக்குப் போகவில்லை, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பவர்கள் மாதிரி, திண்டிவனம்தான் ராத்திரியெல்லாம் நம் பக்கமாக நகர்ந்து வந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் கெடாரின் கடைசி வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அப்புறம் எந்த அறை, எந்த வேப்பமரம்?

"இப்போ எப்டி?" என்று கேட்பான்.

"நல்லாத்தான் கீது" என்பாள் அருணா.

ஆனால் ஒன்று குறைந்திருந்தது. அது என்னவென்று கண்டுபிடிக்க அவனுக்குச் சில நாள் பிடித்தது. அருணா அந்தப் பயணத்தில்தான் முந்தின இரவு கண்ட கனவுகளைச் சொல்வாள். வீட்டில் சொல்ல மாட்டாள், அங்கே அதற்கு நேரமில்லை. கார் விழுப்புரம் தாண்டியதும் காலை மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். நடுக்கடலில் ஒரு பஸ் ஸ்டாண்டு. மரக்காணம் பஸ் மட்டும்தான் வருகிறது. கண்டக்டர் சட்டையெல்லாம் ஈரம், சில்லறையாகச் சிப்பிகளை எண்ணித் தருகிறான். இன்னொரு நாள், லேபில் ரத்தம் எடுக்கிற ஊசியில் ரத்தத்துக்குப் பதிலாகப் பச்சைக் கிளிகளின் சத்தம் ஏறுகிறது. "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே அவன் ஓட்டுவான். கனவு முடியும்போது சரியாகத் திண்டிவனம் வந்திருக்கும்.

இப்போது கனவு பாதியில் இருக்கும்போதே லேபின் வாசல் வந்து நின்றது. "மீதி நாளைக்கு" என்று இறங்கிப் போவாள். மறுநாள் வேறு கனவு வந்திருக்கும். அவனும் முன்போல் கேட்பதில்லை. அவன் காது முழுக்க இன்ஜினிடம் இருந்தது. டர்போ எழும்பும் சன்னமான விசிலை அவன் ரசித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவள் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதையே அவன் விக்கிரவாண்டி தாண்டித்தான் கவனித்தான்.

அந்த வியாழக்கிழமை பனி கனமாக இறங்கியிருந்தது. முன்னால் போகும் லாரிக்குச் சிவப்பு விளக்குகள் மட்டும் இருந்தன, லாரி இல்லை. அருணா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

"இன்னிக்கு அந்த ரூமு ஓனரம்மா லேபுக்கு வராங்களாம்" என்றாள். "காலையிலயே பதில் சொல்லணும்னு சொல்லிக்கினு இருக்கா ஜெசிந்தா. இல்லன்னா வேற ஆளுக்கு விட்ருவாங்களாம்."

திருமுருகன் 'பாக்கலாம்' என்று சொல்ல வாயெடுத்தான். அந்த நேரத்தில் வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. மிதித்தான். ஒன்றுமில்லை. காலடியில் இருந்தது ஆக்சிலேட்டர் அல்ல, வெறும் பலகை என்பதுபோல் இருந்தது. வேகம் விழுந்துகொண்டே வந்தது. பின்னால் விட்டுவிட்டு வந்த கரும்பு டிராக்டர் ஒன்று பாட்டுச் சத்தத்தோடு அவர்களை முந்திக்கொண்டு பனிக்குள் போயிற்று. கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்பு, ஒரு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வண்டி இருமி நின்றது. மயிலம் மலை அந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்க வேண்டும். பனியில் அது தெரியவில்லை.

போனில் சகாயராஜ் தூக்கக் குரலில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொட்டியக் கழட்டி சாக்கெட்டு உள்ள பாரு" என்றார்.

பார்த்தான். பின்களைச் சுற்றி மஞ்சளாய் ஒரு சேறு. சந்தனமும் விபூதியும் பனி ஈரத்தில் குழைந்திருந்தன. சென்சாரின் முனையிலும் அப்பியிருந்தது.

"சந்தனம்ண்ணே."

அந்தப் பக்கம் சகாயராஜ் எழுந்து உட்கார்வது கேட்டது. "முருகா. மேல வெப்பாங்க, உள்ளயா வெப்பாங்க?"

"கழட்டித்தான் தட்டுல வெச்சேன்."

"சரியான பேஜாருய்யா நீ. குச்சி கிச்சி வெச்சி நோண்டாத, பின்னு ஒடஞ்சா சென்சாரே போயிடும். ஸ்ப்ரே எடுத்துக்கினு ஜல்தியா வர்றேன். அங்கயே இரு."

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அருணா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போனட்டில் சாய்ந்து, கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. அவனும் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் ஓய்ந்தார்கள். பனி அவர்களைச் சுற்றி ஓர் அறையைக் கட்டியிருந்தது. சுவர்கள் வெள்ளை. அதற்கு வெளியே ஊர்கள் எல்லாம் ஒரே தூரத்தில் இருந்தன.

"மைலேஜுக்கு இல்ல" என்றான் திருமுருகன்.

"தெரியும். மைலேஜுக்கு எவனாவது பொண்டாட்டி நட்சத்திரத்தச் சொல்லுவானா."

"ஜல்தியா போனா உனக்கு அலுப்பு இருக்காதுன்னு நெனச்சேன். அலுப்பு இல்லன்னா..."

அருணா அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கித் துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

"காலையில எனக்கு அலுப்பே கிடையாது மாமா" என்றாள். "வண்டி மொள்ளப் போறப்ப நீ அப்பறம் அப்பறம்னு கேட்டுக்கினே வருவ. அது எனக்குத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். சாயங்காலந்தான் ஆவல. பஸ்ஸுல நின்னுக்கினே தூங்கிடுறேன். போன வாரம் நம்ம ஊருல எறங்கறதுக்குப் பதிலா செஞ்சி வரைக்கும் போயிட்டேன். உங்கிட்ட சொல்லல."

அவனுக்கு அது தெரியாது. சாயங்காலங்களைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. பாதித் தூரத்தை மட்டும் பெட்டி வாங்கிக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஜெசிந்தாகிட்ட இன்னா சொல்லப்போற?"

"இன்னும் முடிவு பண்ணல. பஸ்ஸுல யோசிக்கிறேன்."

தெற்கே பனியில் இரண்டு மங்கலான வெளிச்சங்கள் முளைத்தன. முதலில் அவை அசையாமல் நின்றதுபோல் இருந்தது. பிறகு மெல்லப் பெரிதாயின. திண்டிவனம் போகும் பஸ். அருணா பெட்டியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோரத்துக்கு நடந்தாள். கையைத் தூக்கினாள். பஸ் வேகத்தைக் குறைத்து, பிரேக் சீறி, அவள் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். படிக்கம்பியின் மேல் அவள் கை போயிற்று.

சொல்ல வேண்டியவை எல்லாம் திருமுருகனுக்கு அப்போதுதான் ஒன்றாக வந்தன. கெடார் நிலம், சாயங்கால பஸ்கள், இனிமேல் சாயங்காலமும் தான் வந்து கூட்டிப்போவது, அல்லது அவள் போய்த்தான் தங்குவது, தானும் இரண்டு நாள் அங்கே வந்து கிடப்பது. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாய்வரை வந்து நின்றன. அவற்றில் எதையும் இவ்வளவு சிறிய நேரத்துக்குள் சொல்லிவிட முடியாது.

அவன் இரண்டடி முன்னால் வந்தான்.

"அடுத்த பஸ்ஸுல போயேன், அருணா."